மாதா சொரூபத்தின் அடியில் ஒரு சுறாப்பல்

எங்கள் குடும்பத்தில் கடைசிவரை பாகம் பிரிக்காமல் பொதுவில் இருந்த சொத்து சந்தேகம் ஒன்றுதான். பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அது குறைவில்லாமல் கிடைத்தது. குழாயடியில் வைத்த சோப்பு காலையில் இருந்ததைவிடச் சாயங்காலம் இளைத்திருந்தால் அம்மாவுக்குச் சந்தேகம். கொடியில் காயப்போட்ட புடவை ஒரு முழம் நகர்ந்திருந்தால் பெரியம்மாவுக்குச் சந்தேகம். பால்காரர், கேபிள்காரர், மீட்டர் பார்க்க வருபவர் எல்லோர் மீதும் இரண்டு வீட்டுக்கும் கூட்டாகச் சந்தேகம். சிவாஜிநகர் மார்க்கெட்டில் தக்காளி வாங்கினால்கூட அப்பா ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தக்காளியில் என்ன சதி இருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரே கேட்டுக்குள் எதிரும் புதிருமாக இரண்டு வீடு. இடது பக்கம் பெரியப்பா, வலது பக்கம் நாங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், ஒரு துணிக்கொடி. கொடிக்குக் கீழே எந்நேரமும் நானும் அக்காவும். அக்கா என்றால் பெரியப்பா மகள். எனக்கும் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அவளுக்கும் கிடையாது. அவள் எங்கள் வீட்டில் சாப்பிட்டு அவள் வீட்டில் தூங்குவாள். நான் அவள் வீட்டில் சாப்பிட்டு அங்கேயே தூங்கிவிடுவேன், பெரியப்பா தூக்கிக்கொண்டு வந்து போடுவார். எனக்கு அப்போது அவளைவிட்டால் உலகத்தில் வேறு ஆள் இல்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கம் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் விடிகாலையில் ஒரு லாரி வந்து முற்றத்தில் மணல் கொட்டிவிட்டுப் போனது. அந்த நாளில் பெங்களூரில் நல்ல ஆற்று மணல் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஏரி மண்ணைக் கழுவி ‘ஃபில்டர் மணல்’ என்று தலையில் கட்டிவிடுவார்கள். ஆனால் இது அசல். தமிழ்நாட்டு எல்லையோரம் அத்திபெலேயிலிருந்து வந்த மணல்காரர், கழுத்தில் தடிமனான செயினோடு, ஒரு கை அள்ளி அப்பாவிடம் காட்டினார். அப்பா அதைப் பெரியப்பாவிடம் காட்டினார். பெரியப்பா விரலால் நிரடிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது எனக்கு அதிசயமாக இருந்தது. வழக்கமாக நல்ல வெயிலில் ஒருவர் வெயில் என்றால் மற்றவர் மேகத்தைக் காட்டுவார்.

“எதுக்குப்பா மணல்?” என்று கேட்டேன். பாத்ரூம் தரை உடைந்திருக்கிறதே, அதற்கு என்றார் அப்பா. அக்கா அவள் அப்பாவைக் கேட்டாள். மாடிப்படிக்குப் பூச்சு வேலை என்றாராம். வேறு விஷயமாக இருந்தால், அந்த வீட்டில் பிறந்த நாங்கள் இந்த முரண்பாட்டைக் கவ்விப் பிடித்திருப்போம். ஆனால் எங்களுக்கு அன்றைக்கு ஏது நேரம்? மணல் நிறையக் கிளிஞ்சல். சின்னச் சின்ன நத்தை ஓடுகள், முறுக்கிய சங்குகள், விரல் நகம் மாதிரி மினுங்கும் சிப்பிகள். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் குவியலில் ஏறி உட்கார்ந்துவிடுவோம். ஒரு மேஸ்திரி வந்து கேட்டிலிருந்து குழாய் வரைக்கும் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நாங்கள் அந்த நூலையும் தாண்டித் தாண்டிக் குதித்தோம்.

பொறுக்கியதை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பங்கு போட வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவள் அக்கா. சும்மா சொல்லக்கூடாது, பங்கு போடுவதில் அவள் கெட்டிக்காரி. நல்ல சங்காகப் பார்த்துத் தன் பக்கம் தள்ளிக்கொண்டு, “ஒனக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணுதான்டி, பாரு” என்று உடைந்த ஓடுகள் இரண்டை என் பக்கம் தள்ளுவாள். எண்ணிக்கையில் ஏமாற்று இருக்காது. அதனால்தான் எனக்கு இன்னும் சந்தேகம் வந்தது.

அது அக்டோபர் மாதம். கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை மாதம். எங்கள் தெருவில் மாதா சொரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் தங்கும். சாயங்காலம் அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். முடிந்ததும் சுண்டலும் டீயும். பிறகு அடுத்த வீட்டுக்காரர் வந்து சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு போவார், நாங்கள் பாடிக்கொண்டே பின்னால் போவோம். எங்கள் முறை வந்தால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாள், எங்கள் வீட்டு முன்வராந்தாவில் மேஜை போடுவார்கள். மேஜைக்குத் துணி விரிப்பது பெரியம்மா. பூ வைப்பது அம்மா. ஒருத்தர் வேலையில் மற்றவர் கை வைத்தால் போச்சு.

சொரூபம் எங்கள் வீட்டில் இருந்த அந்த நாளில்தான், பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த மத்தியானம், அது என் கையில் தட்டுப்பட்டது. கிளிஞ்சல் இல்லை. கருப்பும் பழுப்புமாக, முக்கோணமாக, என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தால் பளபளவென்று மின்னியது. நுனி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினேன், ரம்பம் மாதிரி சுரீர் என்றது. அம்மாடி! அந்த மாதிரி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்த நொடியிலேயே முடிவு செய்துவிட்டேன், இது டப்பாவுக்குப் போகாது.

“கையில என்னடி?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்லையே.”

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி கைய மூடிக்கிற?”

பாவாடையில் பாக்கெட் இல்லை. என் புத்தகப் பையை அவள் குடைவாள், என் தலையணைக்கடியில் அவள்தான் முதலில் பார்ப்பாள். பாத்ரூம் போகிற மாதிரி எழுந்து, வராந்தா வழியாக ஓடும்போது மாதா கண்ணில் பட்டார். சொரூபத்தை லேசாகச் சாய்த்து, பெரியம்மாவின் பூவேலைத் துணிக்கு அடியில், சரியாக மாதாவின் காலடியில் அதைச் செருகினேன். அங்கே போய் யார் கை வைக்கப்போகிறார்கள்? சாயங்காலம் எல்லோரும் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. சொரூபமும் சாயங்காலம் போய்விடும் என்பது அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

அன்றைக்கு ஜெபமாலைக்கு நல்ல கூட்டம். நான் எதிரில் முழந்தாளிட்டு, ஒவ்வொரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்துக்கும் மேஜைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்தியென்று நினைத்து ஒரு பாட்டி என் தலையைத் தடவினார். சுண்டல் முடிந்தது, டீ முடிந்தது. அடுத்த வீட்டுக்காரர் கும்பிட்டுவிட்டுச் சொரூபத்தைத் தூக்கினார். மெழுகுவர்த்தி வழிந்து துணி பீடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துணியும் கூடவே எழும்பியது. அடியிலிருந்து அது ‘டக்’கென்று தரையில் விழுந்து, சிவப்பு சிமெண்டில் சுழன்று, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் போய் நின்றது.

“ஐயோ மாதாவே!” என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். டீ கிளாஸோடு எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். நகம் என்றார் ஒருவர். நாயின் பல் என்றார் இன்னொருவர். “இது கொள்ளேகால் வேலைங்க, எங்க மச்சான் வீட்டுல இப்படித்தான் வெச்சாங்க” என்று மூன்றாவது ஆள் சொன்னதும், அந்த ஊர்ப் பெயர் கேட்டாலே மந்திரமும் மாயமும் நினைவுக்கு வருகிற கூட்டம் இன்னும் இரண்டடி பின்வாங்கியது. சொரூபத்தைத் தூக்கிய அடுத்த வீட்டுக்காரர் அதை மெதுவாக, மிக மரியாதையாக, மறுபடியும் எங்கள் மேஜையிலேயே வைத்துவிட்டார். ஃபாதர் வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

அம்மா தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். “துணி விரிச்சது யாரு?”

பெரியம்மாவும் தாழ்ந்த குரலில்தான் திருப்பிக் கேட்டாள். “பூ வெச்சது யாரு?”

அழுதுகொண்டே நடுவில் போய் நின்று, “நான்தான் வெச்சேன், மணல்ல கெடைச்சுது” என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே ஞாயிறு மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். “யாருடி உன்ன இப்படிச் சொல்லச் சொன்னது? பெரியம்மாவா?” என்றாள். அதே நேரத்தில் பெரியம்மா கூட்டத்தைப் பார்த்து, “பாத்தீங்களா, பச்சப் புள்ள கையாலயே வெக்க வெச்சிருக்கா. மகராசி!” என்றாள். என் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டார்கள். நான் எவ்வளவு அழுதேனோ அவ்வளவுக்கு அவர்களுடைய சந்தேகம் உறுதியானது.

எங்கள் கோயிலின் பங்கு ஃபாதர் அன்றிரவே வந்தார். இளவயது, எதற்கும் சட்டென்று பயப்படாதவர். தீர்த்தம் தெளித்தார், ஜெபித்தார், சொரூபத்தைத் தானே தூக்கி அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்தார். கீழே கிடந்ததைக் கையில் எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை, அவர் தொட்டதும் நாலு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். “கல்லு மாதிரி கனமா இருக்கே. காலேஜ்ல ஜியாலஜி எடுக்கற ஃபாதர் ஒருத்தர் எனக்குப் பழக்கம். காட்டிட்டு வரேன்” என்று கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

அவர் திரும்பி வரும்வரை முற்றத்தில் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. குழாயில் காலைத் தண்ணீர் அவர்களுக்கு, சாயங்காலத் தண்ணீர் எங்களுக்கு. இரண்டு வீட்டிலும் தனித்தனி ஜெபம், யார் சத்தம் பெரிது என்று போட்டி. அக்காவோடு பேசினால் காலை உடைப்பேன் என்றாள் அம்மா. அங்கேயும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவள் என்னைக் கடந்து போகும்போது எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. பிஸ்கட் டப்பா மணல்மேல் யாரும் தொடாமல் கிடந்தது. அது பேய் நகமாக இருக்கக்கூடாது, நல்லதாக ஏதாவது இருக்க வேண்டும், அக்கா மறுபடி என்னோடு பேச வேண்டும் என்று மாதாவிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து ஃபாதர் வந்தார். இரண்டு வீட்டாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். குவியலுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அக்கா தன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். ஃபாதர் முகமெல்லாம் சிரிப்பு.

“பயப்பட ஒண்ணுமேயில்ல. இது சுறா மீனோட பல்லு. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னாடி இருந்த சுறா. தமிழ்நாட்டுல அரியலூர் பக்கமெல்லாம் அப்ப கடலாம். பல்லு கல்லாயிடுச்சு, ஆத்தோட வந்து மணல்ல கலந்திருக்கு. இந்த மாதிரி ரம்பம் வெச்ச பல்லு அங்கயே ரொம்ப அபூர்வமாம், ஜியாலஜி ஃபாதருக்குத் தலகால் புரியல. பாப்பா, எந்த எடத்துலம்மா எடுத்த?”

நான் ஓடிப்போய் இடத்தைக் காட்டினேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆயிற்று, எல்லாம் தீர்ந்தது, இனி எந்த நிமிஷமும் பெரியம்மா சிரிப்பாள், அம்மா காபி போடப் போவாள் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன்.

“பெங்களூர்ல ஏது ஃபாதர் சுறா?” என்றாள் பெரியம்மா.

கேட்டதுதான் தாமதம், அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். இங்கே ஏது கடல்? அப்பா, எதற்கு வம்பு என்று, மணல்காரருக்கே ஃபோன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். மணல் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டதும் அந்தப் பக்கம் பதறியது. “என்னா சார் இப்படிக் கேக்கறீங்க? தமிழ்நாட்டு மணல் ஒரு பிடிகூட நான் தொடறதில்ல சார். பக்கா லோக்கல். மாலூர் சைடு. எம் புள்ளைங்க மேல ஆணையா!”

தமிழ்நாட்டு மணலை எல்லை தாண்டிக் கொண்டுவரத் தடை இருந்தது. அதைக் கொண்டுவருகிறவர் யாரும் ஃபோனில் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது எங்கள் தெருவில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். அசல் ஆற்று மணல் என்றுதான் அப்பாவும் பெரியப்பாவும் நிரடிப் பார்த்து வாங்கினார்கள். தக்காளியைச் சந்தேகப்பட்ட அப்பா, பால்காரரைச் சந்தேகப்பட்ட பெரியப்பா, சோப்பைச் சந்தேகப்பட்ட அம்மா, அத்தனை பேரும் அன்றைக்கு முதல்முறையாக ஒரு மணல்காரரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். லோக்கல் மணல் என்றால் சுறா இல்லை. சுறா இல்லையென்றால்? மறுபடியும் துணி விரித்தது யார், பூ வைத்தது யார்.

“ஃபாதர் நல்ல மனசோட சமாதானம் பண்ணப் பாக்கறாரு, பாவம்” என்றார் பெரியப்பா. ஃபாதரின் முகத்தில் சிரிப்பு சுருங்கிப் போனது. ஜியாலஜி ஃபாதர் அந்தப் பல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறாராம், எந்த ஆற்று மணல் என்று மட்டும் சொன்னால் போதும் என்று கடைசியாகக் கேட்டுப் பார்த்தார்.

மறுநாளே மேஸ்திரி வந்துவிட்டார். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கேட்டிலிருந்து குழாய் வரைக்கும், குழாயிலிருந்து பின்பக்கம் வரைக்கும் இடுப்புயரம் சுவர் எழும்பியிருந்தது. அந்த வாரத்துக்குள் அது என் தலைக்கு மேலே போனது, பிறகு அப்பா தலைக்கு மேலே. குவியல் கரைந்து கரைந்து தரை தெரிந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மூடிய கைதான் அந்தச் சுவரைக் கட்டியது என்று எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. டப்பாவில் போட்டிருந்தால், ஞாயிற்றுக்கிழமை பங்கில் அக்காவுக்கே போயிருந்தாலும், போய்த் தொலைந்திருக்கும், அக்கா இருந்திருப்பாள். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். “அது உன் பாவமில்லம்மா” என்றார் அதே ஃபாதர். சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நான் அவரையும் சந்தேகப்பட்டேன்.

கொஞ்ச நாள் அக்கா சுவருக்கு மேலே கிளிஞ்சல் எறிந்தாள். பிஸ்கட் டப்பா அவளிடம் போயிருந்தது, என் பங்கைத்தான் எறிந்தாள் போல. இரண்டாம் நாளே அம்மா அதைப் பார்த்துவிட்டு, முறத்தில் அள்ளித் திரும்பக் கொட்டினாள். பிறகு எதுவும் வரவில்லை. அவளும் நானும் கல்யாண வீடுகளில் ஒருவரை ஒருவர் பார்த்து, எப்படி இருக்க என்று கேட்கிற அளவில் வளர்ந்தோம்.

இந்த வருஷம் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு பில்டருக்குக் கொடுத்துவிட்டோம். அப்பாவும் பெரியப்பாவும் இப்போது இல்லை, கையெழுத்துப் போட நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். அக்கா ஓசூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். இடிக்கிற ஆட்கள் முதலில் அந்தச் சுவரைத்தான் தட்டினார்கள். உடைந்து விழுந்த பூச்சில் சின்னச் சின்னதாக வெள்ளை தெரிந்தது. குனிந்து நகத்தால் சுரண்டினேன். கிளிஞ்சல். நாங்கள் விட்டது.

எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு நான் மட்டும் கையைத் திறந்து காட்டியிருந்தால் இந்தச் சுவரே வந்திருக்காது என்று. அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“ஏய் லூசு, பல்லு எதுல கெடைச்சுது?”

“மணல்ல.”

“மணல் எதுக்கு வந்துது?”

பாத்ரூமுக்கு என்று வாயெடுத்தேன். பாத்ரூம் தரை கடைசிவரை உடைந்தேதான் கிடந்தது. அவர்கள் மாடிப்படியில் யாரும் ஒரு கரண்டி பூச்சு வைக்கவில்லை. மேஸ்திரி நூல் பிடித்தது பாத்ரூம் பக்கம் இல்லை, கேட்டிலிருந்து குழாய்க்கு. நான் கைக்குள் பல்லை மூடுவதற்கு முன்பே, அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விரலால் நிரடிப் பார்த்து, தலையை ஆட்டியிருந்தார்கள். எங்களிடம் சொல்ல மட்டும் அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்காமல் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், அந்தச் சுவரின் மேல்தான் நானும் அக்காவும் ஏறி உட்கார்ந்து கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.